கம்பியோரத்து வெண்புள்ளி

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. அங்கிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் படிக்கச் செல்லும் மாணவர் பலர், 1976இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தை நாள்தோறும் கடக்கின்றனர். வெள்ளம் வடிந்த நாள்களில் பாலத்திலிருந்து நோக்கினால், நீர் தடையின்றி ஓடும் இடம் தெளிந்திருக்கும். தூண்களின் ஓரத்தில் மட்டும் செத்தையும் ஆகாயத்தாமரையும் சிக்கிக் கிடக்கும். பல்வரிசையைச் சீராக்கக் கம்பி அணிந்தவர் வாயில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. அங்கே உமிழ்நீர்தான் ஆறு. பல்லில் ஒட்டப்பட்ட சிறு உலோகத் துண்டுகளே தூண்கள்.

‘பிராக்கெட்’ எனப்படும் அத்துண்டுகளைத் தாங்கிப் பிடிக்கப் பசை வேண்டும். முன்னர் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோகப் பட்டை மாட்டினர். பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலின் மேற்பரப்பைச் சற்றே சொரசொரப்பாக்கினால் பசை உறுதியாகப் பற்றும் என்பதை 1955இல் அமெரிக்கப் பல்மருத்துவர் மைக்கேல் புவோனோகோர் வெளியிட்டார். துண்டுகளைப் பல்லின் முகப்பில் நேரடியாக ஒட்டும் முறை அதன் பின்னரே வளர்ந்தது. அமிலத்தின் துணையால் ஒட்டிய கருவியின் ஓரத்திலேயே வேறோர் அமிலம் பல்லை அரிப்பது ஒரு முரண்தான்.

கம்பி போட்டால் பல் சொத்தையாகும் எனப் பெற்றோர் சிலர் அஞ்சுவர். கம்பி பல்லை அரிப்பதில்லை. அது படலம் தங்க இடம் தருகிறது. அப்படலத்தில் வாழும் பாக்டீரியாக்களுள் முதன்மையானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924இல் கிளார்க் என்னும் ஆய்வாளர் சொத்தைப் பற்களிலிருந்து இதனைப் பிரித்தறிந்தார். இது சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. படலத்தின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5.5க்குக் கீழ் இறங்கியதும், எனாமலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்துப் பழைய நிலையை மீட்க அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே, எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே முதன்மையானது. கூடாரவல்லியன்று அக்காரவடிசிலை உணவோடு உண்டு வாய் கொப்பளிப்பவரைவிட, சத்திரம் பேருந்து நிலையத்தில் வாங்கிய குளிர்பானத்தை வீடு வரை மிடறு மிடறாகப் பருகுபவரின் பல்லே மிகுதியாகத் துன்புறும். ஒவ்வொரு மிடறும் அமிலத்தின் நேரத்தை நீட்டிக்கிறது.

துலக்குதல் குறைந்தால், கம்பி போட்ட நான்கு வாரங்களிலேயே பிராக்கெட்டின் ஓரத்தில், பெரும்பாலும் ஈறின் பக்கமாக, சுண்ணாம்பு நிற வெண்புள்ளி தோன்றக்கூடும். அது இன்னும் குழியன்று; மேற்பரப்பு சிதையாமல் உள்ளிருக்கும் தாதுக்கள் மட்டும் குறைந்த நிலை. உமிழ்நீரும் ஃபுளூரைடும் அவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்யும். மேற்பரப்பு இடிந்துவிட்டால் குழியை அடைப்பதே வழி. இடியாவிடினும், சட்டம் கழற்றிய சுவரில் எஞ்சும் தடத்தைப் போல, பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வெண்கறை நிலைத்துவிடலாம். இரண்டாண்டுகள் பொறுத்திருந்து பெற்ற நேரான பல்வரிசையில் அதுவே முதலில் கண்ணில் படும்.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் முன்னோரின் பல்லைக் காத்தன. ஆயினும் கம்பிக்கு அடியில் அவை நுழையா. கம்பிக்கு மேலும் கீழும் தூரிகையைச் சாய்த்துத் துலக்க வேண்டும். இடுக்குகளுக்கெனச் சிறு தூரிகை தனியே உண்டு. ஃபுளூரைடு கலந்த பற்பசையைத் துப்பியபின் மிகுதியாகக் கொப்பளிக்காதிருப்பது நன்று. கடினமான தின்பண்டமும் இங்கே கவனத்துக்குரியது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கு, அதன் மொறுமொறுப்புக்குப் பெயர்பெற்றது. அதனை முன்பல்லால் கடித்தால் பிராக்கெட் பெயரலாம். முழுதும் பெயர்ந்தால் உடனே தெரியும். பாதி பெயர்ந்து கம்பியில் தொங்கினால் தெரியாது. அதன் அடியில் படலம் புகுந்து, அடுத்த மாதச் சந்திப்பு வரை மறைவாக வளரும். சிதைவு பரவிவிட்டால், பல் நேராகும் முன்பே மருத்துவர் கம்பியைக் கழற்ற நேரிடும்.