பெயரில்லாப் பிரஜைகள்

இராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் தெற்கே சென்றால் வருவது சேத்தூர். முன்னாளில் அது ஒரு ஜமீனின் தலைமையிடம். மேற்கே மலை, மலையடியில் தோப்புகள், அவற்றைத் தாண்டிக் கண்மாய்ப் பாசனம். இப்பகுதி மலைக்காடுகள் 1988-இல் சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயமாயின. 2021-இல் மேகமலைக் காடுகளுடன் இணைக்கப்பட்டு, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்புடன், நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகமாகப் பிரகடனம் செய்யப்பட்டன. வரவேற்கத்தக்க காரியம். ஆங்கே புலியை எண்ணுகிறோம், யானையை எண்ணுகிறோம், அணிலையும் எண்ணுகிறோம். ஆனால், ஒரு கல்லைப் புரட்டியதும் சிதறி ஓடும் பூச்சிகளையும், மட்கிய கட்டையின்மேல் பூத்து நிற்கும் காளான்களையும் எண்ணியவர் யார்? அவற்றுள் எத்தனைக்கு விஞ்ஞானத்தில் பெயர் உண்டு?

பூச்சிக்கும் காளானுக்கும் தேசியப் பத்திரிகையின் தலையங்கப் பக்கத்தில் என்ன வேலை என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். ஒரு நாட்டின் செல்வம் இன்னதென்று தெரியாதவரை, அது களவு போனாலும் தெரியாது, அழிந்தாலும் தெரியாது. ஆகையால் இது அரசியல் விஷயமே என்பது நமது அபிப்பிராயம்.

நம் கிராமத்தார் அனைவரும் அறிந்த ஒரு பொருளையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இடி இடித்து மழை பெய்து ஓய்ந்ததும் கறையான் புற்றின்மேல் வெண்குடை விரித்தாற்போல் காளான் எழும். அதைப் பறித்துக் குழம்பு வைக்காத வீடு மலையடி ஊர்களில் அரிது. இக்காளான் தானாக வந்ததன்று. கறையான் பயிர் செய்தது. காய்ந்த சருகையும் கட்டையையும் தின்ற கறையான், தன் கழிவைக்கொண்டே புற்றினுள் தேனடை போன்ற ஒரு பாத்தியைக் கட்டுகிறது. அதில் காளானின் நுண்ணிய இழைகள் படர்கின்றன. மரத்தின் கடினமான சத்தை அவை பதப்படுத்திக் கொடுக்க, அதையே கறையான் உணவாக்கிக்கொள்கிறது. பருவமழையில் அப்பாத்தியிலிருந்து வேர் போன்ற நீண்ட தண்டு மண்ணைத் துளைத்து மேலெழுந்து குடை விரிக்கிறது. மனிதன் உழவு கற்பதற்கு எவ்வளவோ காலம் முன்னரே கறையான் உழவனாகிவிட்டது.

இந்த அற்புதத்தை ஏட்டில் முதலில் ஏற்றியவர் யார்? லின்னேயஸின் மாணாக்கரும், 1768-இல் தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்தவருமான யோஹான் கெர்ஹார்டு கோனிக். தஞ்சைச் சீமையில் தாம் கண்ட கறையான்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் அவர் 1779-இல் எழுதி வெளியிட்டார். புற்றினுள் வளரும் காளானையும் அவர் கவனித்தார். தென்னிந்தியாவில் விரும்பி உண்ணப்படும் புற்றுக் காளான் ஒன்று, தனி இனமாக விவரிக்கப்பட்டு விஞ்ஞானப் பெயர் பெற்றது 1979-இல். ‘டெர்மிட்டோமைசஸ் ஹைமியை’ என்ற அப்பெயரைச் சூட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் நடராஜன். இக்காளான் பேரினத்தை முதலில் வகுத்தமைத்த பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைமைக் கௌரவித்தே அப்பெயர் அமைந்தது. இரண்டு தேதிகளுக்கும் நடுவே இருநூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த இருநூறு ஆண்டுகளிலும் நம் தாய்மார் அக்காளானைச் சமைத்தே வந்தனர். அறிவு நம்மிடம் இருந்தது; பதிவு இல்லை.

பதிவு என்றால் என்ன? நீதிமன்றம் ஏறி இறங்கியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக உழுது உண்டு வந்தாலும், பத்திரமும் எல்லை விவரமும் இல்லாவிடில் வழக்கில் தடுமாற்றமே. உயிரினங்களின் நிலையும் அதுவே. புதிதென்று தோன்றும் ஒரு பூச்சி கிடைத்தால், அதன் இனத்தைச் சேர்ந்த மற்றவை அனைத்துடனும் அதை ஒப்பிட வேண்டும். வேறுபாட்டை மயிரிழை பிசகாமல் எழுதிப் படம் வரைந்து பிரசுரிக்க வேண்டும். ஒரு மாதிரியை ‘மூல மாதிரி’ என்று குறித்துக் காட்சிச்சாலையில் ஒப்படைக்க வேண்டும். பிற்காலத்தில் சந்தேகம் எழுந்தால் அம்மாதிரியே சாட்சி சொல்லும். பிராணிகளின் பெயர்களுக்கு லின்னேயஸின் 1758-ஆம் ஆண்டுப் பதிப்பே ஆதி ரிஜிஸ்தர். காளான்களுக்கோ 2013 முதல் புதுப் பெயர் ஒவ்வொன்றுக்கும் சர்வதேசப் பதிவு எண் பெற்றாக வேண்டும். எண் இல்லையேல் பெயர் செல்லாது.

அந்தச் சாட்சிகள் இன்று எங்கே இருக்கின்றன? தரங்கம்பாடியில் பிடித்த பூச்சிகளை லின்னேயஸின் மற்றொரு மாணாக்கரான ஃபப்ரிசியஸ் ஐரோப்பாவிலிருந்தபடியே விவரித்தார். 1899-இல் அரக்கோணத்துச் சிலந்தி ஒன்றுக்கு லண்டன் காட்சிச்சாலையின் போகாக் என்பவர் பெயரிட்டார். மரப்பொந்தில் வாழும் பெரிய வர்ணச் சிலந்தி அது. நம் பூச்சியின் அடையாளத்தை நிச்சயிக்க விரும்பிய இந்திய மாணவன் கடல் கடந்து செல்ல வேண்டிய நிலை நெடுங்காலம் நீடித்தது. அந்த ஐரோப்பியர்களின் உழைப்பைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்கள் எழுதி வைத்திராவிடில் நமக்கு அதுவும் மிஞ்சியிராது. அச்சிலந்தியின் பேரினம் முழுவதையும் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 2019-இல் சேர்க்க முடிந்தது. பெயர் இருந்ததனாலன்றோ அது சாத்தியமாயிற்று? பெயர் இல்லாத பிராணியை எந்தச் சட்டத்தின் எந்த அட்டவணையில் எழுதுவது?

“பெயர் வைத்தால் வயிறு நிறையுமா?” என்று கேட்கும் காரியவாதிகளுக்கும் விடை உண்டு. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மாவுப்பூச்சி தலைகாட்டியது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பயிர்களை அது வெண்பஞ்சு மூடினாற்போல் மூடிற்று. மருந்து தெளித்து மாளவில்லை. அது மெக்ஸிகோ தேசத்துப் பூச்சி என்றும், 1992-இல் விவரிக்கப்பட்ட இனம் என்றும் நிபுணர்கள் அடையாளம் கண்டனர். அதன் எதிரி யார் என்பதும் அதனால் தெரிந்தது. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத அந்தக் குளவி, 2003-இல்தான் புதிய இனமாக விவரிக்கப்பட்டிருந்தது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதை வரவழைத்துத் தோட்டங்களில் விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கிற்று, குடியானவன் பிழைத்தான். எங்கோ ஒருவர் பூதக்கண்ணாடியின் கீழ் ஒரு சிறு குளவியைப் பார்த்து எழுதி வைத்த சில பக்கங்கள், ஏழே வருஷங்களில் தமிழ்நாட்டு விவசாயிக்குச் சோறாயின.

நம்மவரால் இது ஆகாது என்பாரும் உளர். அவர்களுக்குச் சரித்திரமே பதில். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் அறிஞர் சி. வி. சுப்பிரமணியன் பூஞ்சணங்களில் புதிய பேரினங்களை வகுத்து, 1956-இல் ‘வக்ரபீஜா’, ‘குடிலகேசா’ என்று பெயரிட்டார். முன்னது வளைந்த விதை. பின்னது சுருண்ட கேசம். விஞ்ஞானப் பெயருக்கு லத்தீன் எழுத்து வேண்டுமே தவிர, லத்தீன் சொல்லே வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை என்பதற்கு அப்பெயர்களே சான்று. தஞ்சாவூரில் பிறந்த எம். எஸ். மணி இமயத்தின் பனி எல்லையில் வாழும் பூச்சிகளை ஆராய்ந்தார். டி. என். அனந்தகிருஷ்ணன் சென்னை லயோலா கல்லூரியில் இருந்துகொண்டு, இலைப்பேன் இனங்களில் உலகம் மதிக்கும் நிபுணரானார். நம் மலைத்தொடரிலேயே, மேகமலையின் மணலாற்றுப் பகுதியிலிருந்து ஒரு புதிய ஊசித்தும்பி 2020-இல் விவரிக்கப்பட்டது. அதன் பெயரில் ‘சோலை’ என்ற நம் சொல் ஒலிக்கிறது. 2023-இல் தேனியைச் சேர்ந்த ‘வனம்’ அமைப்பின் ஆராய்ச்சியாளர்கள் வெள்ளி வரிகள் கொண்ட ஒரு புதிய வண்ணத்துப்பூச்சியை விவரித்து, மேகமலையின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

ஆயினும் மிஞ்சியிருப்பதே மலையளவு. 1916-இல் நிறுவப்பெற்ற இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை, 2024-இல் வெளியிட்ட பட்டியலில் இந்நாட்டின் பிராணி இனங்களை 1,04,561 என்று கணக்கிட்டது. அவ்வாண்டில் மட்டும் 459 புதிய இனங்கள் இந்தியாவிலிருந்து விவரிக்கப்பட்டன. 224 இனங்கள் இந்தியாவில் முதன்முறையாகக் காணப்பட்டன. ஆக 683-இல் கேரளத்தின் பங்கு 101. கர்நாடகத்தின் பங்கு 82. தமிழ்நாட்டின் பங்கு 63. ஒரே மலையின் மேற்குச் சரிவுக்கும் கிழக்குச் சரிவுக்கும் இத்தனை வித்தியாசம் ஏன்? மழை அதிகம் என்பது ஓரளவு காரணம். அங்கே தேடுவோர் அதிகம் என்பதையும் நாம் மறைக்கலாகாது. காளான்களின் நிலையோ இன்னும் பரிதாபம். லண்டன் கியூ தோட்டத்தார் 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் 25 லட்சம் இனங்கள் இருக்கலாம். பெயர் பெற்றவை சுமார் ஒன்றரை லட்சமே.

காடு இதற்காகக் காத்திருக்குமா? ஒரு கோடைத்தீ போதும். சருகு மெத்தை முழுவதும் சாம்பலாகும். அந்தச் சருகை மண்ணாக்குவது பூஞ்சணமும் புழுவும் கறையானும். அந்த மண் தண்ணீரைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகிறது. ஓடை கண்மாயை நிரப்புகிறது. சேத்தூர் வயலில் கதிர் சாய்வதற்கும், மலைமேல் ஒரு கட்டை மட்குவதற்கும் உள்ள உறவு இதுதான். இந்த வேலையைச் செய்யும் ஊழியர்களின் பெயர்ப் பட்டியல்கூட நம்மிடம் இல்லை. அவர்களில் ஒருவர் இறந்தாலும் வழக்குத் தொடுப்பார் இல்லை.

சட்டம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தில் 39-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். புதிய இனம் கண்டவர் எவராயினும், குறிக்கப்பட்ட ஸ்தாபனத்துக்கு அறிவித்து, அதன் மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. மூல மாதிரிகள் கப்பலேறிய காலத்துக்கு அப்பிரிவு முற்றுப்புள்ளி வைத்தது. அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவு ஊர்தோறும் ஒரு பல்லுயிர்க் குழு அமைக்கக் கட்டளையிடுகிறது. சேத்தூர் போன்ற பேரூராட்சிகளும் அதற்கு விலக்கல்ல. மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுவது அக்குழுவின் கடமை. வேம்பு, புளி, ஆடு, மாடு என்று நான்கு வரி எழுதி முத்திரை குத்துவது பதிவேடு ஆகாது.

ஊரில் தேச சேவை செய்ய விரும்பும் வாலிபர்களுக்கு இதைவிட நல்ல வேலை வேறென்ன வேண்டும்? கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றத் தெரிந்தவர்கள், தங்கள் ஊர்க் குழு எப்போது கூடியது, பதிவேட்டில் என்ன எழுதியது என்று கேட்கட்டும். இராஜபாளையம், சிவகாசிப் பக்கத்துக் கல்லூரிகள் தத்தமக்கு ஒரு காட்சி அறையும், பூச்சியும் காளானும் கற்ற ஓர் ஆசிரியரும் ஏற்படுத்தட்டும். வகைப்பாட்டுக் கலை கற்றவனுக்கு உத்தியோகம் இல்லை என்ற நிலையைச் சர்க்கார் மாற்றட்டும். அனுமதி பெற்றுக் காட்டுக்குள் செல்லும் ஆராய்ச்சியாளர்கள், அங்கே வாழும் பளியரை வழிகாட்டக் கூட்டிச் செல்வதோடு நில்லாமல், எந்தக் காளான் எம்மரத்தடியில் எம்மழையில் முளைக்கும் என்று அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னதாகவே எழுதி வெளியிடட்டும். அது நியாயமும் ஆகும், நன்றியும் ஆகும்.

புற்றுக் காளானுக்குப் பெயர் கிடைக்க இருநூறு ஆண்டுகள் ஆயின. சேத்தூர் மலையின் மற்ற உயிர்களுக்கு அத்தனை அவகாசம் இல்லை. பதிவேட்டின் முதல் பக்கத்தை வருகிற மழைக்காலத்திலேயே தொடங்குமாறு சேத்தூர் மக்களையும் சர்க்காரையும் கேட்டுக்கொள்கிறோம்.