படகின் அடியில் ஒரு செலவு

திருப்பதி என்றால் நமக்கு மலை நினைவுக்கு வரும். மீன்பிடி படகு வருவதில்லை. ஆனால் 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது, சூளூர்பேட்டை, தடா பகுதிகளும் பழவேற்காடு ஏரிக்கரையும் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தன. மீனவரும் இம்மாவட்டத்தின் வங்கி வாடிக்கையாளர் ஆயினர்.

உவர்நீரில் நிற்கும் படகின் அடியில் கொட்டலசு ஒட்டும். பார்வைக்குச் சிப்பி; இனத்தால் நண்டு, இறாலுக்கு உறவு. இளமையில் நீந்தித் திரியும். இடம் பிடித்ததும் தலையைப் பசையால் ஒட்டிக்கொண்டு, சுண்ணாம்புக் கூடு கட்டி, கால்களால் இரையை வாரி உண்ணும். டார்வின் இதன் ஆய்வுக்கே எட்டு ஆண்டுகள் செலவிட்டார்! அடிப்பாகம் சொரசொரப்பானால் நீர் இழுக்கும். அதே தொலைவுக்கு டீசல் கூடும்.

படகைக் கரையேற்றிய அன்றே, ஈரம் காயுமுன் சுரண்டுவது எளிது. காய்ந்தால் கூடு உதிர்ந்தாலும் அடித்தட்டு விடாது. ஃபைபர் படகில் இரும்புச் சுரண்டி கூடாது. மேற்பூச்சு கீறினால் நீர் உள்ளிறங்கும். மரத்தகடோ பிளாஸ்டிக் தகடோ போதும். கொட்டலசைத் தடுத்த டிரைபியூட்டைல் டின் பூச்சு, கடல் நத்தைகளையும் சிப்பிகளையும் கெடுத்ததால் 2008 முதல் உலக உடன்படிக்கையால் விலக்கப்பட்டுள்ளது.

மீனவருக்கான கிசான் கிரெடிட் கார்டு கடனில் டீசல் செலவும் அடங்கும். அதில் ஒரு பங்கைக் கொட்டலசு தின்கிறது. ஆய்வுக்குச் செல்லும் நாமோ எஞ்சினையும் வலையையும் பார்த்துத் திரும்புகிறோம்; படகின் அடியைக் குனிந்து பார்ப்பதில்லை.