அமுக்கமானியும் அரைகுறை அறிவும்

காரைதீவில் என் இல்லத்துக்கு மின்னியல் குருதியமுக்கமானி ஒன்று வந்த நாள்முதல் அமைதி அகன்றது. ஒருகால் 152 காட்டும். மறுகணம் 134 காட்டும். கருவியைப் பழித்தேன், பிழை என்னுடையது என்பது பின்னரே விளங்கிற்று.

1896இல் இத்தாலிய மருத்துவர் றிவா றொச்சி கைப்பட்டைக் கருவியை அமைத்தார். 1905இல் உருசிய மருத்துவர் கொரொட்கோவ் நாடியொலியைச் செவிமடுத்து அளக்கும் முறையை வெளியிட்டார். இன்றைய வீட்டுக் கருவியோ பட்டையில் எழும் நாடியதிர்வைக் கொண்டு கணிக்கிறது. ஆகவே கை அசைந்தாலும் வாய் பேசினாலும் கணக்குப் பிசகும். தேநீர் அருந்தி அரைமணி கழிந்தபின், ஐந்து நிமிடம் சாய்ந்தமர்ந்து, பாதங்களை நிலத்தில் ஊன்றி, பட்டையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து சராசரி காண வேண்டும்.

இதனினும் கொடியது ஒரு தவறான நம்பிக்கை. "தலையிடி இல்லை, ஆகவே பிறஷரும் இல்லை" என்று கூறியே என் தமையனார் குளிசையை நிறுத்தினார். ஒருநாள் விடியலில் பாரிசவாதம் அவருடைய வலக்கையையும் பேச்சையும் பறித்தது. உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே மூளையையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் சிதைக்கும். குளிசை உண்பவருக்கு அளவு தணிந்திருப்பது குளிசையின் பயனேயாகும்; நோய் நீங்கியதற்குச் சான்றன்று.

கருவி எண்ணை மட்டுமே சொல்லும். குளிசையை நிறுத்தலாமா என்பதை மருத்துவரே சொல்லட்டும்.