அயற்கூற்று

ஒருவர் கூறியதை மற்றொருவர்க்கு எடுத்துரைக்குங்கால் தமிழில் 'என்று' என்னும் ஒரு சொல்லே போதும். சொல்லியவர் மொழிகளைச் சிறிதும் மாற்றாது வைத்து, பின்னர் 'என்று கூறினார்' எனச் சேர்த்துவிடலாம். இவ்வெளிமையே ஆங்கிலம் பயிலும் நம்மவர்க்கு இடையூறாகின்றது. 'நீ எங்கே போகிறாய் என்று என்னைக் கேட்டான்' என்பதனை, 'ஹி செட் தட் வேர் ஆர் யூ கோயிங்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்திலோ அவ்விடத்துத் 'தட்' வாராது, எழுவாய் வினைக்கு முன்னே வந்துவிடும், நிகழ்காலம் இறந்தகாலமாகும். 'ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்' என்பதே வழக்கு.

இம்மாற்றங்களுக்குக் காரணம் யாதெனின், அயற்கூற்றில் எடுத்துரைப்பவன் நிற்கும் இடத்தினின்றும் காலத்தினின்றுமே யாவும் நோக்கப்படுகின்றன. ஆதலின் 'டுமாரோ' என்பது 'த நெக்ஸ்ட் டே' ஆகின்றது. சொல்லிய அன்றைக்கே எடுத்துரைப்பின் 'டுமாரோ' மாறவேண்டுவதில்லை. பரீக்ஷைக்கெனப் பட்டியலை உருப்போடும் மாணாக்கர் இதனை எண்ணுவதேயில்லை.

நிற்க. 'தான் புத்தகத்தைத் தொலைத்துவிட்டதாக ஜான் பீட்டரிடம் கூறினான்' எனின், தொலைத்தவன் ஜானே. 'அவன் தொலைத்துவிட்டதாக' எனின் வேறொருவன். ஆங்கிலத்திலோ இரண்டிற்கும் 'ஹி' ஒன்றே. விடுதித் தலைவர்க்கு அவ்வண்ணம் வரையும் கடிதத்தினால், குற்றமற்ற பீட்டர்மீது பழி விழவுங்கூடும். 'ஹி' யாரைக் குறிக்கின்றதென்னும் ஐயம் எழுமிடத்துப் பெயரையே மீண்டும் எழுதுதல் வேண்டும். அன்றேல், ஜான் கூறிய மொழிகளையே மேற்கோட்குறிக்குள் வைத்துத் தந்துவிடலாம்.