அனுமதியை யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

கல்லூரிப் பாடநூலுக்கோ ஆண்டுமலருக்கோ சிறுகதைகளைத் தொகுக்கும் நிறுவனங்களுக்கு அனுமதி என்ற நினைவு, பக்கங்கள் அச்சுக்குப் போகும் வேளையில்தான் வருகிறது. 'ஆசிரியர் பெயரைப் போட்டு நன்றியும் சொல்லிவிட்டோமே' என்ற சமாதானம் சட்டத்தின் முன் செல்லாது.

உரிமை யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 2015-இல் மறைந்த ஜெயகாந்தனின் கதைகளுக்கு 2075 டிசம்பர் வரை அனுமதி வேண்டும். 1948-இல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகளை எவரும் அச்சிடலாம். ஆனால், இன்றைய பதிப்பாசிரியர் அவற்றுக்கு எழுதிய முன்னுரையையும் குறிப்புகளையும் சேர்த்து எடுக்கக் கூடாது. அவை அவருடைய உழைப்பு. மொழிபெயர்ப்புக் கதை என்றால் மூல ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் இருவர் தரப்பிலும் கேட்க வேண்டும்.

பலர் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். பதிப்பகத்திடம் அந்தப் பதிப்பை வெளியிடும் உரிமை மட்டுமே இருக்கலாம். மற்றவை ஆசிரியரின் குடும்பத்திடம் இருக்கும். வாரிசுகள் மூவர் என்றால் மூவரின் கையெழுத்தும் தேவை. மூத்த மகன் தொலைபேசியில் 'தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்' என்று சொன்னது போதாது.

உரிமம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். கதையின் பெயர், எடுத்தாளும் பதிப்பு, பிரதிகளின் எண்ணிக்கை, விலை, தரும் தொகை, அச்சு நூலா மின்னூலா ஒலிநூலா என எல்லாம் அதில் வரட்டும். காலமும் இடமும் மிக முக்கியம். அவற்றைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கும் இந்தியாவுக்கும் மட்டுமே உரிமம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். தொகுப்பைச் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ அனுப்புகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பாடநூலில் சிறு பகுதிகளை எடுத்தாளச் சட்டம் சில விலக்குகள் தருகிறது. முழுக் கதைக்கு அவற்றை நம்பி இறங்குவது ஆபத்து.

கடிதத்துக்குப் பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. உரிமையாளரைத் தேடியும் கிடைக்காவிட்டால் 31-ஏ பிரிவு கைகொடுக்கும்: வெளியிடும் எண்ணத்தை ஆங்கில நாளிதழில் அறிவித்துவிட்டு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்குப் பணமும் காலமும் பிடிக்கும். அதனால் தொகுப்பின் பட்டியல் முடிவான அன்றே கடிதங்களை விரைவுத் தபாலில் அனுப்பிவிடுவது நல்லது.