கழுத்துக்குள்ளே நாலு அரிசி மணி

போன மாசம் ஏன் எபிசோடே வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. எனக்கு தைராய்டு ஆபரேஷன். சுரப்பியின் ரெண்டு பக்கமும் கட்டி வளர்ந்து மூச்சுக்குழாயை அழுத்த ஆரம்பிச்சிடுச்சு. புற்றுநோய் இல்லை. ஆனாலும் முழுசா எடுக்க வேண்டியதாப் போச்சு.

வீட்டில் எல்லாரும் கேட்டது தழும்பு தெரியுமாங்கிறதுதான். "செயின் போட்டா மறைஞ்சிடும்டி"ன்னு சித்தி ஆறுதல் வேற. எனக்கு இருந்த பயம் குரலைப் பத்தி. மைக் முன்னாடி பேசித்தானே பொழப்பு ஓடுது!

டாக்டர் ஒரு படம் வரைஞ்சு காட்டினார். குரல் நாண்களை அசைக்கிற நரம்பு நேரா குரல்வளைக்குப் போகாது. இடது பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறும். சைதாப்பேட்டையிலிருந்து கிண்டிக்குப் போக, தாம்பரம் வரை போய்த் திரும்பி வர்ற மாதிரி. அப்படி ஏறும்போது தைராய்டின் பின்பக்கத்தை ஒட்டியே போகும். ஒரு பக்கம் அடிபட்டா குரல் கம்மிப்போகும். ரெண்டு பக்கமும் அடிபட்டா மூச்சு விடுறதே சிக்கல். அதனால முதல்ல நரம்பைத் தேடிக் கண்ணால பார்த்துட்டுத்தான் சுரப்பியைப் பிரிப்பாங்களாம்.

அதே படத்தில் அவர் நாலு புள்ளியும் வச்சார். நான் அதைக் காதிலேயே வாங்கலை. அதுக்குப் பேர் பாராதைராய்டு. பேர்தான் தைராய்டு மாதிரி, வேலை வேற. ரத்தத்தில் கால்சியம் குறையாம பார்த்துக்கிறது இதுதான். பொதுவா நாலு இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு அரிசி மணி அளவு. சுத்தி இருக்கிற கொழுப்பிலிருந்து பிரிச்சு அடையாளம் காண்பதே கஷ்டம். 19ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் ஓவன் இதை முதலில் பார்த்தது மனுஷன்கிட்ட இல்லை, லண்டன் மிருகக்காட்சிசாலையில் இறந்துபோன ஒரு இந்தியக் காண்டாமிருகத்தின் கழுத்தில்! மனித உடம்பில் இருப்பதை ஸ்வீடனின் இவார் சாண்ட்ஸ்ட்ரோம் 1880இல் விவரித்தார். அப்போ அவர் மருத்துவ மாணவர்.

ஆபரேஷன் முடிஞ்சு கண் முழிச்சதும் "அம்மா"ன்னு சொல்லிப் பார்த்தேன். கரகரன்னு வந்தது, ஆனா வந்தது. அந்த சந்தோஷத்தில், ரெண்டாவது நாள் ராத்திரி விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுத்ததை யார்கிட்டயும் சொல்லலை. கை மரத்திருக்கும்னு நினைச்சேன். காலையில் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் இறங்கியிருந்தது. டாக்டரிடம் நல்லாத் திட்டு வாங்கினேன். சுரப்பிகளை உள்ளேயே விட்டாலும், பக்கத்தில் கை படும்போது அதுக்குப் போற ரத்த ஓட்டம் பாதிச்சுக் கொஞ்ச நாள் சோர்ந்துபோகுமாம். பெரும்பாலும் தானா மீண்டுவிடும். ஆனா கவனிக்காம விட்டா தசை இழுத்துப் பிடிக்கும், இதயத் துடிப்பே தாளம் தப்பலாம். உங்க வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்தா, குறுகுறுப்புன்னு சொன்ன உடனே நர்ஸைக் கூப்பிடுங்க.

இனி ஆயுசுக்கும் தைராக்சின் மாத்திரை. அது இல்லாத காலத்தில் சுவிட்சர்லாந்தின் தியோடர் கோஹர் தைராய்டை முழுசா எடுத்தவங்களைப் பிறகு வரவழைச்சுப் பார்த்தார். பலர் முகம் ஊதி, பேச்சும் யோசனையும் மந்தமாகிக் கிடந்தாங்க. 1883இல் அதை மறைக்காம வெளியே சொன்னார். 1909இல் நோபல் பரிசும் வாங்கினார்.

என் பாடு இப்போ, காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின், அரை மணி நேரத்துக்குக் காபி கிடையாது, கால்சியம் மாத்திரை நாலு மணி நேரம் தள்ளி. உச்சஸ்தாயி இன்னும் எட்டலை. அதனால இந்த எபிசோடில் பாட்டு இல்லை.