ஸ்டெப்னி இருந்த இடத்தில் ஒரு பாட்டில்

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் சென்னையிலிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ கார் கிளம்புகிறது என்றால், டிரைவர் முதலில் திறப்பது டிக்கியைத்தான். ஸ்டெப்னியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவார். காற்று நிறைந்திருக்கிறதா என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஜாக்கி, வீல் ஸ்பானர், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க ஒரு மரக்கட்டை, டார்ச் லைட் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்ப்பார். வாடகைக் கார்க்காரர்கள் உபரியாக ஒரு டியூபையும் சுருட்டி வைத்திருப்பார்கள். வழியில் பஞ்சர் ஆகக்கூடும் என்பதை எதிர்பார்த்தேதான் எல்லோரும் கிளம்பினார்கள்.

எதிர்பார்க்கக் காரணமும் இருந்தது. மாட்டுவண்டியும் காரும் ஒரே சாலையில் போன காலம் அது. மாட்டின் குளம்பிலிருந்து கழன்ற லாட ஆணிகள் சாலையில் கிடக்கும். அன்றைய டயருக்குள் காற்றைப் பிடித்துவைத்தது ஒரு மெல்லிய டியூப். ஆணி ஏறினால் டியூப் கிழியும்; வெளிவந்த காற்று ரிம்மின் இடுக்குகளிலும் வால்வுத் துளையிலும் வழி கண்டு சட்டென்று போய்விடும். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும்போதே டிரைவருக்குப் புரிந்துவிடும்.

அப்புறம் நடப்பது எல்லோருக்கும் பழகிப்போன வேலை. புளியமர நிழலாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டுவார்கள். பெண்களும் குழந்தைகளும் இறங்கி நிற்பார்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை லேசாகத் தளர்த்திவிட வேண்டும். அந்தரத்தில் தூக்கிய பிறகு தளர்த்தப் பார்த்தால் சக்கரம் சுற்றும். ஜாக்கியை மண்ணில் வைக்காமல் ஒரு பலகையின் மேல் வைக்க வேண்டும். ஸ்டெப்னியை மாட்டிய பிறகு நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. நட்டுகளைக் கையில் ஏந்தி நின்ற பையன்கள் பார்த்தே கற்றுக்கொண்டார்கள்.

மாற்றிய கையோடு அடுத்த கவலை வரும். இனி டிக்கியில் இருப்பது பஞ்சரான டயர். இன்னொரு ஆணி ஏறினால் கதி கிடையாது. அதனால் அடுத்த ஊர் வருவதற்குள் எல்லோர் கண்ணும் சாலையோரத்தில், ஒரு பழைய டயர் தொங்கும் கடையைத் தேடும்.

பிஸ்டனில் எரிந்த நெருப்பு

தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் அந்தக் கடைகளில் பலவற்றை நடத்தியவர்கள் கேரளத்திலிருந்து வந்தவர்கள். ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு கம்ப்ரஸர், ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு லிவர்; இவ்வளவுதான் முதலீடு. சம்மட்டியும் லிவரும் கொண்டு டயரை ரிம்மிலிருந்து பிரித்து, டியூபை உருவி, காற்றடித்துத் தண்ணீரில் அமுக்குவார்கள். குமிழி வரும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவைத்து, அங்கே அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டு வைப்பார்கள்.

சூட்டு ஒட்டு என்றால் இன்னும் அழகான வேலை. பழைய என்ஜினிலிருந்து கழற்றிய பிஸ்டன் ஒன்றைக் கவிழ்த்து கிளாம்பில் பொருத்தியிருப்பார்கள். டியூபும் பச்சை ரப்பரும் அதன் கீழே இறுகியிருக்கும். பிஸ்டனின் குழியில் கொஞ்சம் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றிப் பற்றவைத்தால், அது எரிந்து அணைவதற்குள் ஒட்டு டியூபோடு ஒன்றாகிவிடும். எவ்வளவு எண்ணெய் ஊற்றினால் எவ்வளவு சூடு ஏறும் என்பது கைக்கணக்கு. கடைசியில் டயரின் உட்புறம் முழுக்க விரலால் தடவிப் பார்ப்பார்கள். முதல் ஆணியின் முனை உள்ளேயே ஒடிந்து நின்றால், புதிய ஒட்டும் பத்து மைலில் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த ஸ்டெப்னிக்கும் ஒரு முன்கதை உண்டு. தொடக்ககாலக் கார்கள் உபரிச் சக்கரம் இல்லாமல்தான் ஓடின. பஞ்சரானால் இருந்த இடத்திலேயே டயரைப் பிரித்து ஒட்ட வேண்டும். 1904-இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆரக்கால் இல்லாத ஒரு ரிம். அதில் காற்றடித்த ஒரு டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் அதன் பக்கத்திலேயே இதைக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு ஓட்டலாம். ஸ்டெப்னி தெருவில் தயாரான அதுதான் முதல் ஸ்டெப்னி. வீடு போய்ச் சேரும் வரைக்குமான ஏற்பாடு அது. முழுச் சக்கரத்தையே மாற்றி மாட்டும் வழக்கம் பின்னால் வந்தது. இன்று பல கார்களின் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பதிலாக இருக்கும், டயரின் துளையை அடைக்கும் சீலன்ட் பாட்டில், நூறாண்டு கழித்து அந்தப் பழைய யோசனைக்கே நம்மைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது: இப்போதைக்கு ஓடட்டும், முழு வைத்தியம் பிறகு.

டியூப் போனது, ஸ்டெப்னியும் போனது

நடுவில் நடந்த பெரிய மாற்றம் டியூப்லெஸ் டயர். அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் 1947-இல் அதை அறிவித்தது. 1950-களின் நடுவில் அங்கே புதுக் கார்களில் அதுவே வழக்கமாகிவிட்டது. இந்தியக் கார்களில் பரவலாக இடம்பிடித்தது 2000-களில்தான். காற்று கசியாத ஒரு ரப்பர் படலம் டயரின் உட்புறத்திலேயே ஒட்டியிருக்கும். டயரின் விளிம்பு ரிம்மோடு இறுகி உட்கார்ந்துகொள்ளும். ஆணி ஏறினாலும் சுற்றியுள்ள ரப்பர் அதைக் கவ்விக்கொள்வதால் காற்று மெல்ல மெல்லத்தான் இறங்கும். நேற்று ஏறிய ஆணியோடு இன்றும் அலுவலகம் போய்வந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

பஞ்சர் கடையின் வேலையும் சுருங்கியது. ஆணியைப் பிடுங்கி, துளையை ரீமரால் குடைந்து, பசை தடவிய ஸ்ட்ரிப்பை ஊசியால் திணித்து, மிச்சத்தை வெட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். சக்கரத்தைக் கழற்றக்கூடத் தேவையில்லை. நான்குவழிச் சாலைகள் ஊர்களைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கியதும், ஊர் முகப்பிலிருந்த கடைகள் சுங்கச்சாவடி, பெட்ரோல் பங்க் ஓரங்களுக்கு நகர்ந்தன.

ஸ்டெப்னிக்கு விடை கொடுத்தது 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட விதித் திருத்தம். 3.5 டன்னுக்கு மேற்படாத பயணிகள் கார்களில் டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணித்து எச்சரிக்கும் அமைப்பும், பஞ்சர் கிட்டும் இருந்தால் உபரிச் சக்கரம் கட்டாயமில்லை என்றது அது. டிக்கியில் இடம் கூடும், மின்சாரக் கார்களில் பெரிய பேட்டரி வைக்க இடம் கிடைக்கும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். பதினைந்து கிலோவுக்கு மேல் கனத்த சக்கரம் இருந்த குழியில், இன்று பல மின்சாரக் கார்களில் ஒரு சின்ன கம்ப்ரஸரும் அரை லிட்டருக்குள் ஒரு பாட்டிலும் இருக்கின்றன.

பாட்டிலுக்குள் ரப்பர் பால்

அந்தப் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் இயற்கை ரப்பர் பால். கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரத்திலும் கீரிப்பாறையிலும் விடியற்காலையில் மரத்தைக் கீறிச் சிரட்டையில் வடிக்கிறார்களே, அதே வெள்ளைப் பால். அதோடு உறைநிலையைத் தாழ்த்தும் கிளைக்கால் திரவமும், துளையை அடைக்க உதவும் நுண்ணிய இழைகளோ துகள்களோ சேர்ந்திருக்கும். பால் பாட்டிலிலேயே கட்டியாகிவிடாமல் இருக்க அமோனியா கலப்பார்கள். திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி அதனுடையது.

டயருக்குள் போன பால், சக்கரம் சுழலும்போது உட்புறம் முழுக்கப் பரவுகிறது. காற்று வெளியேறும் துளையை நோக்கி அது வேகமாகப் பாய்கிறது. அந்தக் குறுகிய வழியில் உராய்ந்து, கலங்கி, அங்கேயே திரிந்து உறைகிறது. ஆசிட் ஊற்றி உறையவைத்து ஷீட் அடிப்பவர்களுக்குப் பாலின் இந்தக் குணம் நன்றாகத் தெரியும். இங்கே ஆசிட்டின் வேலையைத் துளை வழியே சீறும் ஓட்டமே செய்துவிடுகிறது.

ஓட்ட வேண்டும் என்பதால்தான் இதன் முறை ஸ்டெப்னி முறைக்கு நேர்மாறாக இருக்கிறது. ஆணியைப் பிடுங்கக் கூடாது. அதுவே பாதி அடைப்பு. வண்டியை ஆன் செய்து, கம்ப்ரஸரின் வயரைக் காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகி, பாட்டிலின் குழாயை வால்வில் பொருத்த வேண்டும். திரவம் உள்ளே போகும்போது அழுத்தமானியின் முள் எகிறிவிட்டுப் பிறகு இறங்கும், பயப்பட வேண்டியதில்லை. கார் கதவோரம் எழுதியிருக்கும் அழுத்தம் வந்ததும் நிறுத்திவிட்டு உடனே வண்டியை எடுத்துவிட வேண்டும். உட்கார்ந்து இளைப்பாறினால் திரவம் டயரின் அடியில் தேங்கிவிடும். சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பத்திரமான இடத்தில் நிறுத்தி மறுபடி காற்றைப் பார்க்க வேண்டும். 19 பிஎஸ்ஐ அளவுக்கும் கீழே இறங்கியிருந்தால் அடைப்பு பிடிக்கவில்லை. அதற்கு மேல் ஓட்டக் கூடாது. பிடித்திருந்தால் காற்றை நிரப்பிக்கொண்டு, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் நேராக டயர் கடைக்குப் போக வேண்டும். சில கிட்கள் 200 கிலோமீட்டர் வரை அனுமதிக்கின்றன. அந்தத் தூரம் முடியும்வரை டயரை மறந்துவிடலாம் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

எதற்கு உதவாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தரையில் பதியும் பகுதியில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வரையிலான துளையைத்தான் இது அடைக்கும். டயரின் பக்கவாட்டில் வெட்டு விழுந்தாலோ, பள்ளத்தில் இறங்கி ரிம் வளைந்தாலோ, காற்றில்லாமல் ஓட்டி டயர் நசுங்கியிருந்தாலோ பாட்டிலை எடுக்கவே வேண்டாம். அன்றைய ஸ்டெப்னி இந்த வேறுபாடு எதுவும் பார்த்ததில்லை. டயர் வெடித்திருந்தாலும் அது கைகொடுத்தது. இன்று அந்த நிலைமைக்கு வழி, காரை மேலேற்றிக்கொண்டு போகும் மீட்பு வண்டிதான். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண் அதற்கு உதவும்.

என்ன கிடைத்தது, என்ன போனது

கிடைத்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அன்றைய சாலையில் புளியமர நிழலில் நிதானமாகச் சக்கரம் மாற்ற முடிந்தது. கடந்துபோன வண்டிகளின் வேகம் அப்படி. இன்று வண்டிகள் வேகமாகப் பாயும் சாலையில், இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும் காரின் வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்ற உட்காருபவர் தன் முதுகைப் போக்குவரத்துக்குக் காட்டிக்கொண்டு உட்காருகிறார். இரவில் அது உயிரோடு விளையாடுவது. பாட்டில் வைத்திருப்பவருக்கு அந்த நேரம் சில நிமிடங்களாகச் சுருங்குகிறது. இறுகிப்போன நட்டைத் தளர்த்தவும் கனத்த சக்கரத்தைத் தூக்கவும் உடல்வலு இல்லாத முதியவர்களும், தனியாக வண்டி ஓட்டும் பெண்களும் யாரையும் எதிர்பார்க்காமல் வீடு சேர முடிகிறது. இது பெரிய விடுதலை.

போனது என்னவென்றால், பழக்கம். அன்று காரில் ஏறிய ஒவ்வொருவருக்கும் பஞ்சரைப் பற்றி ஏதோ கொஞ்சம் தெரியும். இன்று கார் வாங்கி ஆண்டுகள் ஆகியும் டிக்கித் தரையைத் தூக்கிப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். தன் வண்டியில் ஸ்டெப்னி இல்லை என்பதைப் பஞ்சரான இரவில் அறிபவர்களும் உண்டு. அன்று கைக்குப் பழக்கம் வேண்டியிருந்தது; இன்று கண்ணுக்கு வேண்டியிருக்கிறது. காயம் எங்கே, எவ்வளவு பெரிது, இது பாட்டிலுக்கு அடங்குமா என்று பார்த்துச் சொல்லும் கண் இல்லாவிட்டால், டிக்கியில் பாட்டில் இருந்தும் பயனில்லை.

பஞ்சர் கடைக்காரரையும் மறந்துவிடக் கூடாது. டயரைப் பிரிக்கும் முன்பு, "அண்ணே, உள்ள ஏதாச்சும் ஊத்தியிருக்கீங்களா?" என்று கேட்கும் கடைகள் இப்போது உண்டு. கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்தப் பால் அவர் முகத்திலும் உடையிலும் தெறிக்கும். அழுத்தம் ஏற்றிய டப்பாவில் அடைத்து வந்த பழைய வகை ஸ்ப்ரேக்கள் சிலவற்றில் தீப்பிடிக்கும் வாயு இருந்தது. அதை அடித்த டயரைப் பிரிக்காமல் ரிம்மில் வெல்டிங் வைத்தால் வெடிக்கும் ஆபத்து உண்டு. இன்றைய பாலில் அந்த அபாயம் இல்லை என்றாலும் வேலை கூடுகிறது. ஈரம் காயும் முன் தண்ணீரால் கழுவ வேண்டும், அழுத்தமானிச் சென்சாரைத் துடைக்க வேண்டும், உட்புறம் சுத்தமானால்தான் ஒட்டு பிடிக்கும். அந்த உழைப்புக்கு அவர் கேட்கும் கூடுதல் கூலி நியாயமானது.

ஆகவே நான் கேட்பது மூன்று. கார் ஒப்படைக்கும் நாளில் விற்பனையாளர் சாவியோடு சேர்த்து அந்தக் கிட்டைத் திறந்து, ஒருமுறை பொருத்திக் காட்ட வேண்டும்; பூட்டிய பெட்டியோடு அனுப்பிவைப்பது முறையாகாது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் சக்கரம் மாற்றுவதோடு இதையும் கற்றுத்தர வேண்டும். கார் வைத்திருப்பவர்கள் இன்றே டிக்கியைத் திறந்து பாட்டிலின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். பொதுவாக நான்கைந்து ஆண்டுகளில் பால் கெட்டுப்போகும், கெட்ட பால் எந்தத் துளையையும் அடைக்காது.

டயரின் காயத்தை ஆற்றுபவர் இன்றும் அந்தப் பஞ்சர் கடைக்காரர்தான். பாட்டில் நம்மை அவரிடம் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்த வேலையை மட்டும் அதனிடம் கேட்டால் அது நம்மை ஏமாற்றாது. பால் ஊற்றிய டயரோடு ஒரு வாரம் ஓட்டலாம் என்று நினைக்காமல், நேராகக் கடைக்கு, இரவாகிவிட்டால் மறுநாள் காலையிலேயே போய்விடுங்கள்.